புகை இல்லாத டீக்கடை

கடைக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது, நாம் விற்கவும் வேண்டாம் என்று நான் சொன்னதும், என் கணவர் கையிலிருந்த பால் குண்டானைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் கடை திறப்பு. தோரணமெல்லாம் கட்டியாகிவிட்டது.

"இன்னா சொல்ற நீ? டீக்கடையில சிகரெட் இல்லன்னா எவன் வருவான்? கமிட்டிக்கு வர்றவன் டீ குடிக்கவா வர்றான்? ஒரு தம் போட வர்றான். தம்முக்குத் தொட்டுக்கத்தான் டீ."

செஞ்சியில் கமிட்டி என்றால் நெல் கமிட்டி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று போர்டில் இருக்கும். அப்படி யாரும் சொல்வதில்லை. அனந்தபுரம், தளவானூர், சீயமங்கலம் என்று எங்கிருந்தெல்லாமோ டிராக்டரில் மூட்டை வந்து இறங்கும். அறுவடைக் காலத்தில் வண்டிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும். அதற்கு நேர் எதிரே எங்களுக்கு ஒரு கடை கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். என் கணவர் பதினாறு வயதிலிருந்து அடுத்தவர் கடைகளில் டீ மாஸ்டராக நின்றவர். இது எங்கள் சொந்தக் கடை. அவர் பயந்ததில் தப்பு இல்லை.

ஆனால் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதற்கு முன்னால் பல வருஷம் நான் பஜாரில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் ஒரு டீ குடித்தால் தேவலை என்று இருக்கும். டீக்கடை வாசலில் போய் நிற்பேன். உள்ளே பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். ஆனால் புகை மண்டிக்கிடக்கும், ஆண்கள் கால்மேல் கால் போட்டு ஊதிக்கொண்டிருப்பார்கள். நான் பிளாஸ்டிக் கவரில் பார்சல் வாங்கிக்கொண்டு, துணிக்கடைப் படியில் உட்கார்ந்து, ஆறிப்போனதைக் குடிப்பேன். டீ மாஸ்டரின் பொண்டாட்டி, ஒரு டீக்கடைக்குள் உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடித்தது கிடையாது. சொந்தக் கடை என்று வந்த பிறகும் நான் வாசலில் நிற்பதா?

"கடை நம்முது. நம்ம கடையில இன்னா நடக்கணும்னு நாமதான சொல்லணும்?" என்றேன்.

"அப்ப நானு?" என்றார். அவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறவர்.

"நீங்களும்தான்."

பழைய கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த லைட்டரை நானே அறுத்து எடுத்தேன். என் கணவர் பாய்லரைத் துடைக்கப் போய்விட்டார். எனக்குப் பயம்தான், ஆனால் அதோடு சேர்ந்து ஒரு குதூகலம். திருவிழாவில் ராட்டினம் மேலே ஏறும்போது வருமே, அது.

திறந்த முதல் வாரம் பொட்டு வைத்தாற்போல் நாலு பேர். உள்ளே வருவார்கள், பழக்கத்தில் கை அந்த லைட்டரைத் தேடும். "இங்க தம் அடிக்கக் கூடாதுண்ணா" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் டீயைச் சொல்லாமலே திரும்பி, ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

கமிட்டிச் சுவரை ஒட்டி இருந்த அந்த எதிர்க்கடை ஒரு பாயுடையது. அவர் குடும்பம் எத்தனையோ தலைமுறையாகச் செஞ்சியில் வியாபாரம் செய்கிற குடும்பம். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் வாய். பீடியைக் கையால் தொடாதவர். ஆனால் அவர் கடையில் யார் வேண்டுமானாலும் ஊதலாம். என் கணவரும் காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று என்று அங்கேதான் போய் ஊதிவிட்டு வருவார். வந்ததும் குழாயில் கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பாய்லரைத் தொட வேண்டும் என்பது நான் போட்ட உத்தரவு.

"தங்கச்சி, உன் வூட்டுக்காரரே எனக்குத்தான் கஸ்டமர்!" என்று பாய் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

"வச்சிக்குங்க பாய், நான் ஒண்ணும் கேக்கல!" என்று நானும் கத்துவேன்.

பிறகு ஒரு மத்தியானம் அது நடந்தது. கமிட்டியில் சிந்துகிற நெல்லைக் கூட்டிப் புடைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் தூசியாக இருப்பார்கள். அவர்களில் ஒரு அம்மா தூக்குவாளியை நீட்டி, "நாலு டீ ஊத்தும்மா" என்றார்.

"பார்சல் எதுக்குக்கா? உள்ள வந்து உக்காந்து குடிங்க."

அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். யாருமில்லை. புகையுமில்லை. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ளயா?" என்று மறுபடி கேட்டார். பிறகு திரும்பி, "ஏய், வாங்கடி! உக்காரச் சொல்லுது!" என்று ரோடு அதிரக் கூப்பிட்டார். மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் ஏனோ எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். நானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் பாய்லர் பக்கம் நின்று எங்களைப் பார்த்தவர், கேட்காமலே ஆளுக்கு ஒரு பன் கொடுத்தார்.

மறுநாள் அவர்களோடு இன்னும் நாலைந்து பேர். பிறகு நெல் கொண்டுவந்து விலைக்காகக் காத்துக்கிடக்கிற விவசாயப் பெண்கள். பிறகு பக்கத்து நர்சிங் காலேஜ் பெண்கள். ஒரு நாள் உட்கார இடமில்லாமல் போனபோது எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "பெஞ்சு பத்தலீங்க!" என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "தெரியுது, தெரியுது, டீய எடு" என்றார் சிரிக்காமல். ஆனால் அன்று சாயங்காலமே இன்னொரு பெஞ்சு வாங்கி வந்தார்.

தொல்லை வந்தது மழையால். ஆவணி மாதம் சாயங்காலமானால் மேகம் மலையைத் தாண்டி வந்து கொட்டிவிட்டுப் போகும். ஒரு நாள் அப்படிக் கொட்டியபோது, வெளியே நின்று ஊதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்கள் வாசல் தகரத்துக்கு அடியில் வந்து ஒண்டினார்கள். பீடியை அணைக்கவில்லை. காற்று அடித்த அடியில் அத்தனை புகையும் உள்ளே வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்து, "அணைச்சிட்டு நில்லுங்கண்ணா" என்றேன்.

கமிட்டியில் நெல் வாங்குகிற வியாபாரி ஒருவர் முன்னால் நின்றிருந்தார். கையில் சிகரெட். "உள்ள அடிக்கலையே, வெளியதான நிக்கறோம்? ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டு ரோடா?" என்றார்.

"ரோடு எங்க அப்பன் வூட்டுது இல்ல. தகரம் என்னுது."

அவர் வேண்டுமென்றே ஒரு இழுப்பு இழுத்து, வாசலைப் பார்த்துப் புகையை ஊதினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்குள் பின்னாலிருந்து மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி முன்னால் வந்தார். ஒல்லியான ஆள். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். அவரிடம் ஒரு பழக்கத்தை நான் முன்பே கவனித்திருந்தேன். பக்கத்தில் யார் நின்றாலும், "பத்த வைக்கட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தீக்குச்சியை உரசுவார். வேண்டாம் என்று முகத்தில் தெரிந்தாலே பீடி காதுக்குப் போய்விடும்.

"அண்ணே, அந்தப் பொம்பளைங்க காசு குடுத்து டீ குடிக்க வந்துருக்காங்க. நம்ம புகைய குடிக்க வரல" என்றார் வியாபாரியிடம். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "வாங்கடா. நனைஞ்சா கரைஞ்சிட மாட்டோம்" என்று மழைக்குள் இறங்கினார். அவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். உள்ளங்கையைக் குவித்து, நெருப்பு அணையாமல் மூடிக்கொண்டு, கமிட்டிச் சுவர் ஓரமாகப் போய் நின்று நனைந்தார்கள். வியாபாரி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டே காரில் ஏறினார்.

ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க மூட்டை தூக்கியவர்கள் மழையில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. அவர்கள் உள்ளே வந்தபோது எல்லாருக்கும் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுக்கச் சொன்னேன்.

இது நடந்து சில நாளில் சுகாதாரத் துறை ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நேரே பாய் கடைக்குள் போனார்கள். உள்ளே ஊதிக்கொண்டிருந்தவர்களுக்கும், புகைபிடிக்கக் கூடாது என்று போர்டு வைக்காமல் அனுமதித்ததற்காகப் பாய்க்கும் அபராதம். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த அதிகாரி எங்கள் கடைக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். பெண்கள் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வெரி குட் மேடம்! இப்படித்தான் இருக்கணும். எல்லாக் கடைக்கும் நீங்கதான் உதாரணம்" என்று சொல்லி, என்னை வாசலில் நிற்கவைத்து செல்போனில் படம் எடுத்தார்.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் தோளுக்குப் பின்னால், எதிர்க்கடையில் அபராத ரசீது வாங்க நின்றவர்களின் வரிசை தெரிந்தது. அதில் கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு, என் கணவர்.

இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் ஜீப் கிளம்பியதும் பாய் ரோட்டைத் தாண்டி வந்தார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"நீதானம்மா போன் போட்ட?"

"இல்ல பாய்! சத்தியமா இல்ல. என் வூட்டுக்காரரும்தான மாட்டினாரு, பாக்கலியா?"

"அதான் சொல்றாங்க எல்லாரும். புருஷன திருத்தறதுக்குன்னே நீ போன் போட்டன்னு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்று முதல் ரோட்டைத் தாண்டிக் கத்திப் பேசுவது நின்றுபோனது. பஜாருக்கு நான் போனால் பேச்சு சட்டென்று அடங்கும். என் கணவரைப் பார்த்து, "இன்னாண்ணே, வூட்லயும் ரசீது குடுக்கறாங்களா?" என்று கேலி செய்தார்கள். பெண்கள் மட்டும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்கள். அது மட்டுமே தெம்பாக இருந்தது.

அந்த வாரம் அந்தப் பகுதிக் கடைக்காரர்களும் வியாபாரிகளும் அரிசி மண்டி மாடியில் கூடினார்கள். எதிர்ப்புக் காட்ட ஒரு நாள் கடையடைப்பு என்று பேச்சு. கடையடைத்தால் கமிட்டி வேலையும் பாதிக்கும் என்பதால் மேஸ்திரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் படிக்கட்டுப் பக்கம் நின்றார். பெண் என்று நான் ஒருத்திதான்.

பாய் எழுந்தார். அவர் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"நான் ஒரு நாளும் பீடிய தொட்டதில்ல. அது ஒடம்புக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா என் கடைக்குள்ள வர்றவன் என் விருந்தாளி. அவன எழுந்து வெளிய போன்னு எவனோ வந்து சொன்னா, அப்புறம் அது யார் கடை? இன்னிக்கு சிகரெட்டுன்னுவான். நாளைக்கு டீயில சக்கர எவ்ளோ போடணும்னு சொல்வான். என் கடையில நான் முடிவு பண்ணக் கூடாதா?"

கைதட்டல் வந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது, அது உண்மை. அவர் சொன்னதைத்தானே நானும் முதல் நாள் என் கணவரிடம் சொன்னேன்! எழுந்து நின்றேன்.

"பாய் சொல்றது எனக்கு நல்லாப் புரியுது. என் கடையில என் இஷ்டம்னுதான் நானும் நிறுத்தினேன். அப்ப எந்த ஆபீசரும் வந்து சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன். உள்ள வர்றவன் விருந்தாளின்னா, பக்கத்து பெஞ்சுல உக்காந்துருக்கறவளும் விருந்தாளிதான பாய்? ஒரு விருந்தாளி வுடற புகைய இன்னொரு விருந்தாளி எதுக்கு முழுங்கணும்? எழுந்து போறதுன்னா யாரு போகணும்?"

அந்த நெல் வியாபாரி மூலையிலிருந்து, "அதெல்லாம் இருக்கட்டும். போன் போட்டது யாரு? அத சொல்லச் சொல்லு" என்றார்.

பின்வரிசையில் என் கணவர் எழுந்தார். கூட்டத்தில் வாய் திறக்காத மனுஷன். "என்னப் புடிக்கணும்னா அவளுக்கு போன் எதுக்குங்க? கரண்டி போதும்" என்றார்.

மாடியே சிரித்தது. பாயும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மாட்டினதுல நானும் ஒருத்தன். அவ போட்டிருந்தா எனக்குத் தெரியாம இருக்காது. அவளுக்கு மனசுல ஒண்ணு வச்சிக்கத் தெரியாது" என்று என் கணவர் முடித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் படிக்கட்டுப் பக்கமிருந்து மேஸ்திரி பேசினார். "நானும் ஒண்ணு சொல்லலாமா? நீங்க ரெண்டு பேரும் எங்களுக்காக அடிச்சிக்கறீங்க. பீடி குடிக்கறது நாங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்களுக்கு உள்ளதான் ஊதணும்னு ஒண்ணும் இல்ல. அடுத்தவன் மூஞ்சியில வுடறதுக்கு எங்களுக்கும் கூச்சமாத்தான் இருக்குது. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இருந்தா போதும். நாங்களே போய்க்கறோம்."

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டென்று மேசையைத் தட்டினார்.

"என் கடைக்குப் பின்னால காலி மனை இருக்குது. நாலு பக்கமும் தெறந்து, மேல மட்டும் கூரை. போட்டுத் தர்றேன். ஆபீசர் சொன்னான்னு இல்ல. என் இடம், என் இஷ்டம். கேட்டுக்கங்க எல்லாரும்!"

கடையடைப்புப் பேச்சு அதோடு அமுங்கிப்போனது. போன் போட்டது யாரென்று மட்டும் இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி லீவு. காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே எதிரே சத்தம். போய்ப் பார்த்தால், மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் பனியனோடு நிற்கிறார்கள். சவுக்குக் கழிகள் குழிக்குள் இறங்குகின்றன. ஒருவர் பழைய தகரம் கொண்டுவந்தார், ஒருவர் கம்பி, ஒருவர் சுத்தியல். பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட! இந்தாண்ட!" என்று குதித்துக்கொண்டிருந்தார். என் கணவர் தகரத்தின் மேல் ஏறி ஆணி அடித்தார். நான் கீழே நின்று, "பாத்து, பாத்து!" என்று கத்தினேன். நெல் புடைக்கிற அக்கா எண்ணெய் டின் ஒன்றில் மணல் நிரப்பி, துண்டு பீடி போடுவதற்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கீழ போட்டீங்க, நான்தான் கூட்டணும். வெளக்குமாறு பிஞ்சிடும்" என்று எல்லாரையும் எச்சரித்தார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் கொட்டகை நின்றது. ஏதோ கோயில் கட்டி முடித்ததுபோல் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அன்று டீ எங்கள் கணக்கு, பிஸ்கட் பாய் கணக்கு.

விதிமுறை எழுதி ஒரு போர்டு வைக்கலாமா என்று நான் கேட்டேன். "போர்டப் படிச்சி எவன் திருந்தினான் அண்ணி? நாங்க பாத்துக்கறோம்" என்றார் மேஸ்திரி. பார்த்துக்கொண்டார்கள். மறுநாளே வெளியூர் டிராக்டர் டிரைவர் ஒருவர் பாய் கடைக்குள் உட்கார்ந்து பற்றவைக்கப் போனார். "யோவ், பின்னாடி!" என்று மூன்று குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. மூன்று பேரும் பீடிக்காரர்கள்.

பாய் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் தடை போடல. அவங்களா எழுந்து போறாங்க" என்பார். சிகரெட் விற்பதை அவர் நிறுத்தவில்லை, நான் விற்க ஆரம்பிக்கவில்லை. அந்த நெல் வியாபாரி என் கடைக்கு வருவதே இல்லை, வராவிட்டால் போகட்டும். என் கணவர் குறைத்துவிட்டேன் என்கிறார். கொட்டகைக்குப் போகும்போது இப்போது என்னிடம் சொல்லிவிட்டே போகிறார்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வேன்கள் விடியற்காலையிலிருந்து நிற்காமல் வந்தன. குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், வயசானவர்கள். எங்கள் கடை நிறைந்து வழிந்தது. மிச்சப் பேர் பாய் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள், குழந்தைகளோடு, நிம்மதியாக. பாய் டீயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினார். ஒன்பது மணிக்கு எங்களுக்குப் பால் தீர்ந்துபோனது.

"பாய்! பால் இருக்குதா?" என்று ரோட்டைத் தாண்டிக் கத்தினேன்.

"இருக்குது! வந்து எடுத்துக்க! என் கடை, என் இஷ்டம், தர்றேன்!" என்று பாய் கத்தினார். இரண்டு வேன்களுக்கு நடுவே புகுந்து, குண்டானைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன்.